அட்டாலியிலிருந்து இறங்கிய ஆம்ப்: வாசகர் கேள்வி பதில்

வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்களில் ஓடுகிற, கையால் செய்த ஒரு 5 வாட் கிதார் ஆம்ப்ளிஃபயரை மறுபடி பாட வைத்த கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் கடிதம் போடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நம் பக்கத்து வீடுகளில் இன்னும் இத்தனை பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன என்பதே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரின் மகள் நான். பதினான்கு வயதில் அப்பாவின் கடையில் டிரான்ஸ்பார்மர் சுற்ற உட்கார்ந்தேன். இப்போது சிங்காநல்லூரில், வீட்டின் முன்னறையில் இந்தச் சின்ன வால்வு ஆம்ப்களை மட்டும் பார்க்கிறேன். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

கேள்வி: எழுபதுகளில் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தவர் என் அப்பா. அவருக்காகக் கோவை ரேடியோ மெக்கானிக் ஒருவர் தேக்குப் பெட்டியில் செய்துகொடுத்த ஆம்ப் முப்பது வருஷமாக அட்டாலியில் கிடந்தது. போன வாரம் இறக்கினேன். இ.சி.சி.83, இ.எல்.84, இ.இசட்.80 என்று உள்ளே மூன்று வால்வுகள். பிளக்கைச் சொருகிப் பார்த்துவிடலாம் என்கிறார் மாமா. செய்யலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம் தம்பி. மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஒரே ஒரு தடவைதானே என்று போடுகிற அந்தத் தடவையில் பவர் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடலாம். மற்றதெல்லாம் இன்றைக்கும் விலைக்குக் கிடைக்கும். அந்த மெக்கானிக் தன் கையால் சுற்றிய டிரான்ஸ்பார்மர் எங்கேயும் கிடைக்காது.

ஆபத்து பில்டர் கண்டென்சரில், அதாவது டி.சி.யின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துகிற கண்டென்சரில் இருக்கிறது. அதற்குள் சுருட்டி வைத்த அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உண்டு. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தத் தோல்தான். அடிக்கடி ஓடுகிற செட்டில் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். முப்பது வருஷம் சும்மா கிடந்தால் பலவீனமாகிவிடும், உள்ளே இருக்கிற ஈரமும் காய்ந்துபோகும். திடீரென்று 300 வோல்ட் வந்து நின்றால் கண்டென்சர் ஷார்ட் ஆகும். அதற்கு முன்னால் இருந்து ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுகிற இ.இசட்.80 வால்வும் டிரான்ஸ்பார்மரும்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டிவரும்.

முதலில் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நான் போன மாதம் திறந்த பெட்டியில் இ.எல்.84 சாக்கெட்டுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே பல்லி முட்டை இரண்டு ஒட்டியிருந்தன. பக்கத்திலேயே காய்ந்துபோன ஒரு பல்லி, வால் ஒரு பின்னிலும் தலை சேசிஸிலுமாக (எல்லாம் மாட்டியிருக்கிற உலோகத் தட்டு) கிடந்தது. சூடான இடம் தேடி அவை வரத்தான் செய்யும். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சாக்கெட் பின்களைக் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்து, எலி கடித்த வயர் இருக்கிறதா என்று முழுக்கப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்தது சீரிஸ் போர்டு. நம் ஊர் எலக்ட்ரீஷியன் யாரைக் கேட்டாலும் செய்து தருவார்: ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், இரண்டும் சீரிஸில். அதில் 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு போட வேண்டும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. எல்லா வால்வையும் கழற்றி வைத்துவிட்டு ஆம்ப்பை அந்தப் போர்டில் போடுங்கள். பல்பு லேசாக மினுங்கி அடங்கினால் டிரான்ஸ்பார்மர் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். எங்கோ ஷார்ட்.

அப்புறம் கண்டென்சர்களை மாற்றுங்கள். உங்கள் பெட்டியில் அலுமினிய டப்பா ஒன்று நின்றுகொண்டிருக்கும், 32+32 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கலாம். அந்த டப்பாவைக் கழற்ற வேண்டாம். அது அதன் இடத்திலேயே நிற்கட்டும். அதற்குப் போகிற வயர்களை மட்டும் பிரித்து, புது 450 வோல்ட் கண்டென்சர்களைச் சேசிஸுக்கு அடியில் வையுங்கள். பெரிதாகப் போட்டால் ஹம் என்கிற ரீங்காரம் குறையும் என்று சிலர் 220 மைக்ரோஃபாரட் போட்டுவிடுகிறார்கள். இ.இசட்.80க்குப் பின்னால் முதலில் வருகிற கண்டென்சருக்கு 50 மைக்ரோஃபாரட்தான் எல்லை. தாண்டினால் ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் அந்த வால்வுக்கு அடி விழும்.

கை வைக்கும் முன் ஒன்று, இதை மட்டும் மறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 250, 300 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரு பக்கமும் நல்ல இன்சுலேஷன் வயர் வைத்து, ஒரு முனையைச் சேசிஸிலும் மறுமுனையைக் கண்டென்சரின் பாசிட்டிவ் முனையிலும் பத்து வினாடி பிடியுங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து, ஏறக்குறைய சைபர் காட்டினால்தான் விரல் உள்ளே போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் பண்ணுகிற பழக்கம் வேண்டாம். அப்பா எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, ஓடுகிற செட்டில் அளக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பது. இன்றைக்கும் என் இடது கை தானாகவே பின்னால் போய்விடுகிறது.

இன்னும் ஒரு கண்டென்சர் இருக்கிறது. பழைய ஆம்ப்களைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். சிக்னலை முதலில் பெருக்குகிற இ.சி.சி.83லிருந்து, ஸ்பீக்கரை ஓட்டுகிற இ.எல்.84க்குப் போகிற வழியில் சின்னதாக, மெழுகு பூசிய காகித உருளை மாதிரி இருக்கும். பாட்டை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுப்பது அதன் வேலை. வயதாகிவிட்டால் டி.சி.யையும் கசிய விடும். இ.எல்.84இன் 2ஆம் பின்னில் சேசிஸைப் பொறுத்து டி.சி. அளந்து பாருங்கள், சைபர் இருக்க வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் பாசிட்டிவ் காட்டினால், அணைத்து, வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். வால்வு இல்லாமலும் வோல்ட் நின்றால் கண்டென்சர் கசிகிறது. வால்வைக் கழற்றியதும் மறைந்துவிட்டால் வால்வுக்குள் காற்று சேர்ந்திருக்கிறது.

கடைசியாகக் கேத்தோடு. வால்வுக்குள் எலக்ட்ரான்கள் புறப்படுகிற முனை அது; அவை போய்ச் சேருவது பெரும்பாலும் பிளேட்டுக்கு, கொஞ்சம் ஸ்க்ரீனுக்கு. 3ஆம் பின்னிலிருந்து சேசிஸுக்கு 150 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதன் குறுக்கே 7.5 வோல்ட் வந்தால் 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. ஸ்க்ரீனுக்குப் போகிற ஐந்தைக் கழித்தால் பிளேட்டுக்கு 45. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 250 வோல்ட் இருந்தால் 11.25 வாட். இ.எல்.84 தாங்குவது 12 வாட். ஆக, சரியாக இருக்கிறது. ரெசிஸ்டர் குறுக்கே 10, 11 வோல்ட் காட்டினால் பிளேட் சிவக்க ஆரம்பிக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் ஆம்ப்பை ஓட்டாதீர்கள். சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

கேள்வி: கடையில் இ.சி.சி.83 கேட்டேன். 12 ஏ.எக்ஸ்.7 கொடுத்து இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். நம்பலாமா? (கல்லூரி மாணவர், நாமக்கல்)

பதில்: நம்பலாம். ஐரோப்பியப் பெயர் ஒன்று, அமெரிக்கப் பெயர் ஒன்று. வால்வு ஒன்றேதான். இ.எல்.84ஐ அமெரிக்காவில் 6 பி.க்யூ.5 என்பார்கள். வாங்கும்போது உச்சியில் இருக்கிற வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்தால் நல்லது. பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, காசு கொடுக்காதீர்கள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அறுபதுகளில் செய்ய ஆரம்பித்த வால்வுகள் பழைய ரேடியோ கடைகளில் இன்னமும் அட்டைப் பெட்டியோடு கிடைக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். புதிது வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இப்போதும் செய்கிறார்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் குழுவில் எல்லோரும் 50, 100 வாட் வைத்திருக்கிறார்கள். 5 வாட் எதற்குப் பத்தும்? (வாசகர், திருப்பூர்)

பதில்: வாட் பத்து மடங்கு ஏறினால் காதுக்குச் சத்தம் பத்து மடங்கு ஏறாது கண்ணு. 5க்கும் 50க்கும் வித்தியாசம் 10 டெசிபல். காது அதை ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு வாட்டுக்கு 95 டெசிபல் தருகிற நல்ல ஸ்பீக்கரில் 5 வாட் விட்டால் ஒரு மீட்டர் தூரத்தில் 102 டெசிபல் வரும். திருப்பூரில் லைன் வீட்டில் இருந்து வாசித்தால் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். மாரியம்மன் நோம்பிக் கச்சேரிக்கு முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும், மீதியை மைக் செட்காரர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் என்னை இந்தச் சின்னப் பெட்டிகளோடு கட்டிப்போட்டது வேறு. வால்வை அதன் எல்லை வரைக்கும் தள்ளும்போதுதான் அந்தக் கரகரப்பான இனிமை வரும். மெதுவாகத் தொட்டால் சுத்தமாகப் பாடும், அழுத்தி மீட்டினால் அடித்தொண்டையில் பேசும். வால்யூமைத் திருக வேண்டியதே இல்லை, விரல் போதும். 100 வாட்டில் அந்த இடத்துக்குப் போவதற்குள் வீட்டு ஓடு அதிரும். 5 வாட்டில் வீட்டுக்குள் இருந்தபடியே போய்ச் சேரலாம்.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒன்று. நிட்டிங் மெஷின் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆம்ப் இருந்தால் பஞ்சுத் தூசி வால்வின் மேலும் டிரான்ஸ்பார்மர் மேலும் மெத்தை மாதிரி படியும். சூடு வெளியே போகாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ் போடுங்கள். அணைத்து நன்றாக ஆறிய பிறகு.

கேள்வி: தாத்தாவின் பழைய ரேடியோவில் யு.சி.எல்.82, யு.ஒய்.85 என்று வால்வுகள் இருக்கின்றன. அதையே கிதார் ஆம்ப்பாக மாற்றலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். (வாசகர், தாராபுரம்)

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். இந்தப் பதிலை நான் முதலில் எழுத நினைத்தேன்.

யு என்று ஆரம்பிக்கிற வால்வுகள் 100 மில்லி ஆம்பியரில் வரிசையாக எரிபவை. யு.சி.எல்.82க்கு 50 வோல்ட், யு.ஒய்.85க்கு 38 வோல்ட் என்று ஹீட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, பவர் டிரான்ஸ்பார்மரே இல்லாமல் நேராக மெயினில் மாட்டுவதற்காகச் செய்தவை. மெயினின் ஒரு வயர் சேசிஸிலேயே இருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். ரேடியோவுக்கு மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் இருப்பதால் யார் கையிலும் படாது. கிதார் அப்படியா? ஜாக்கின் வெளிப்பக்கம் சேசிஸில், ஜாக்கிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து பிரிட்ஜ், பிரிட்ஜிலிருந்து கம்பி, கம்பியில் உங்கள் விரல். இன்னொரு கை மைக் ஸ்டாண்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

மெயினோடு நேர்த் தொடர்பைத் துண்டிக்கிற 230க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் சரி. என் ஆசையைக் கேட்டால், தாத்தாவின் ரேடியோ ரேடியோவாகவே இருக்கட்டும். அதைப் பாட வைக்க வேண்டுமானால் கொண்டு வாருங்கள்.

கேள்வி: என் ஆம்ப்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான் வழியா? இங்கே சுற்ற முடியுமா? (வாசகர், பீளமேடு)

பதில்: பீளமேட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! 1937லேயே மின் மோட்டார் செய்த மண் உங்களுடையது. 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி.நாயுடு அறிவித்ததும் இதே ஊரிலிருந்துதான். கணபதியில், சிங்காநல்லூரில், எந்தச் சந்தில் திரும்பினாலும் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்று இருக்கிறது. காப்பர், லெதராய்டு பேப்பர், வார்னிஷ், அடுப்பு, பழகிய கை, எல்லாம் இங்கேயே உண்டு. நம்மிடம் இல்லாதது கணக்கு மட்டும்தான். அதை நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டும்.

கணக்கு எளிது. இ.எல்.84 ஒன்று தனியாக ஓடும்போது 5,200 ஓம் சுமை கேட்கும். ஸ்பீக்கர் 8 ஓம். 5,200ஐ 8ஆல் வகுத்தால் 650. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 25.5. ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்றுக்கு வால்வு பக்கம் இருபத்தைந்தரை சுற்று, அவ்வளவுதான். பிரைமரி, அதாவது வால்வு பக்கம், 3,000 என்றால் செகண்டரி, அதாவது ஸ்பீக்கர் பக்கம், 118. சுற்றி முடித்ததும் பிரைமரியில் 12 வோல்ட் ஏ.சி. கொடுத்துப் பாருங்கள், செகண்டரியில் 0.47 வோல்ட் வர வேண்டும்.

எரிந்த காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை மெதுவாகப் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு வருஷம் முன்பு, உங்களுடையது போலவே அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்த, கோவையில் செய்த ஒரு பெட்டி வந்தது. கோரில் அடுக்கியிருக்கிற ஸ்டாம்பிங் என்னும் இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். வார்னிஷ் வாடை ஐம்பது வருஷம் கழித்தும் அடித்தது. காயிலைக் கைச்சுற்று மெஷினில் மாட்டி, எண்ணியைச் சைபரில் வைத்து, தலைகீழாகச் சுற்றிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே மெல்லிய காகிதம், ஓரத்தில் இரண்டு மில்லி மீட்டர் விட்டுத்தான் கம்பி தொடங்குகிறது. 1,500 சுற்றில் மெல்லிய கம்பி முடிந்து, தடித்த செகண்டரி வந்தது. அது முடிந்ததும் கோர்தான் என்று நினைத்தேன். மறுபடி மெல்லிய கம்பி, இன்னொரு 1,500.

கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிரைமரியைப் பாதியாகப் பிரித்து, செகண்டரியை நடுவில் வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் காந்த ஓட்டம் வெளியே சிந்துவது குறையும், மேல் ஸ்தாயி மழுங்காமல் வரும். வேலை இரண்டு மடங்கு. கடைசி வாடிக்கையாளர் வரைக்கும் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அந்த மெக்கானிக் அப்படிச் சுற்றியிருக்கிறார். நானும் அதே மாதிரிதான் சுற்றச் சொன்னேன்.

சுற்றியவர் முப்பது வருஷமாகச் சப்மெர்சிபிள் மோட்டார் கட்டுகிறவர். கம்பி ஒன்று ஒன்றின் மேல் ஏறவில்லை, அத்தனை நேர்த்தி. ஆனால் மாட்டி வாசித்துப் பார்த்தால் அடிக்கம்பிகள் செத்துப்போயிருந்தன. ஆறாம் தந்தியை மீட்டினால் அட்டைப் பெட்டியைத் தட்டிய மாதிரி. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அவர் பழக்கப்படி ஆங்கில 'இ' எழுத்து வடிவ ஸ்டாம்பிங்கை ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார். மெயின் டிரான்ஸ்பார்மருக்கு அதுதான் சரி. ஆனால் இந்த டிரான்ஸ்பார்மரின் பிரைமரி வழியாக 48 மில்லி ஆம்பியர் டி.சி. எந்நேரமும் போய்க்கொண்டிருக்கும். இடைவெளி இல்லாத கோர் அதிலேயே நிரம்பிவிடும், பாட்டுக்கு இடம் இருக்காது. எல்லா இ-யையும் ஒரே பக்கமாக அடுக்கி, எல்லா 'ஐ' வடிவத் தகட்டையும் எதிர்ப்பக்கம் வைத்து, நடுவே மெல்லிய காகிதம் கொடுத்து இறுக்கினோம். அன்று சாயங்காலம் அவரே கடையைப் பூட்டிவிட்டு வந்து என் முன்னறையில் உட்கார்ந்து கேட்டார். "ஒரு பேப்பருக்கு இவ்வளவு சக்தியாங்க?" என்றார்.

ஆகவே கடைக்குப் போகும்போது மூன்றைச் சொல்லுங்கள்: சுற்று எண்ணிக்கை, பிரைமரி இரண்டு பாதி, ஸ்டாம்பிங் ஒரே பக்கம் காகிதம் வைத்து. மற்றதை அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

கேள்வி: ஆம்ப் போட்டதும் ஹம் என்று ஒரே சத்தம். எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, உடுமலை)

பதில்: அம்மிணி, உங்கள் கையில் கிதார் இருக்கிறதே, அதுவே மீட்டர். ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை வாசியுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோடு ஏறக்குறைய ஒட்டி நின்றால் 100 ஹெர்ட்ஸ், பில்டர் கண்டென்சர் வலுவிழந்துவிட்டது. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் வயரிலிருந்தோ எர்த்திலிருந்தோ வருகிறது. ஹீட்டர் வயர் இரண்டையும் முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோய், இரு பக்கமும் 100 ஓம் ரெசிஸ்டர் வைத்துச் சேசிஸில் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் ஆம்ப்பில் ஒன்றுமில்லை. கிதாரின் பிக்கப் டியூப்லைட் சோக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ராத்திரி ஆனால் வால்வு அதிகப் பிரகாசமாக எரிகிறது. நல்லதா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: நல்லதில்லை. தோட்டத்து மோட்டார்கள் நின்றதும் லைனில் வோல்டேஜ் ஏறும், நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா. உங்கள் டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது. லைனில் 250 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.16 போகும். பத்து சதவீதம், அதாவது 6.9 வரைக்கும்தான் பொறுக்கும். டிரான்ஸ்பார்மரில் 240 அல்லது 250 என்று தனி வயர் இருக்கிறதா பாருங்கள், பழைய ஆட்கள் பெரும்பாலும் விட்டு வைத்திருப்பார்கள். இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் வீட்டு ஸ்டெபிலைசரில் போட்டு வாசியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா 1950களின் ஃபெண்டர் சேம்ப் ஒன்று கொடுத்தார். ஈரோட்டில் எப்படி ஓட்டுவது? (வாசகர், ஈரோடு)

பதில்: நல்ல சித்தப்பா. பெரும்பாலும் ஒரு 12 ஏ.எக்ஸ்.7, ஒரு 6 வி.6, ஒரு 5 ஒய்.3, அத்தோடு முடிந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றின் உள்ளே, வயரிங் செய்த பெண்ணின் பெயரைக் கையால் எழுதி ஒட்டிய காகித டேப் துண்டு இருக்கும். திறந்தால் தேடிப் பாருங்கள், இருந்தால் அதை உரிக்காதீர்கள்.

அது 117 வோல்ட், 60 சைக்கிளுக்குச் செய்தது. நம்முடையது 50 சைக்கிள் என்பதால் அதே வோல்ட்டில் கோருக்குச் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடும், டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சுடும். அதனால் 110 வோல்ட் தருகிற ஸ்டெப் டவுன் சுற்றச் சொல்லுங்கள். ஹீட்டருக்கு 5.9 வோல்ட் கிடைக்கும், தாராளம். ஸ்டெப் டவுன் டபுள் வைண்டிங்காக இருக்க வேண்டும். ஒரே காயிலில் டேப் எடுத்ததாக இருக்கக் கூடாது. இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு மூன்று பின் வயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்குங்கள். மெயினிலிருந்து சேசிஸுக்குச் சின்னக் கண்டென்சர் ஏதாவது போனால் அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள, பழைய மெக்கானிக் ஒருவர் கையால் செய்த ஆம்ப்பை ஒருவரிடம் காட்டினேன். பழைய வயரிங்கைப் பிடுங்கிவிட்டு போர்டு போட்டு, இ.இசட்.80க்குப் பதில் டயோடு வைத்து, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். (வாசகர், கரூர்)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கொடுக்காதீர்கள்.

டயோடில் ஒரு வோல்ட்கூட இறங்காது. இ.இசட்.80இல் இருபது வோல்ட் போல இறங்கும். அதை எடுத்துவிட்டால் மற்ற வால்வுகளுக்கு வோல்டேஜ் கூடும், ஸ்விட்ச் போட்ட கணத்திலேயே ஹீட்டர் சூடாகும் முன் முழு வோல்டேஜும் வந்து நிற்கும். அதைவிட, அழுத்தி மீட்டும்போது இ.இசட்.80 ஒரு கணம் தணிந்து மறுபடி எழும். சத்தம் மூச்சு வாங்கி வருகிற மாதிரி இருக்கும். உங்கள் விரலுக்கு அது பழகியிருக்கும், போன பிறகுதான் தெரியும்.

தேய்கிற பொருள் எது, செய்தவர் யோசித்து வைத்தது எது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்டென்சர், வால்வு, மெயின் வயர், கருகிய ரெசிஸ்டர், இவையெல்லாம் தேய்பவை. மாற்றுவதில் தயக்கமே வேண்டாம். டிரான்ஸ்பார்மர், வயர் போகிற பாதை, எர்த் சேர்த்த இடம், பாகங்களைப் பற்றவைக்கிற டேக் ஸ்ட்ரிப்பில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது, இவையெல்லாம் ஒருவர் வாசித்துக் கேட்டு, கழற்றி, மறுபடி வைத்துக் கண்டுபிடித்தவை. அவர் வரைபடம் எதுவும் விட்டுப் போகவில்லை. பெட்டிதான் வரைபடம். பிடுங்கினால் திரும்ப எழுத யாருமில்லை.

நான் பிரிக்கும் முன் நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து, ஒரு நோட்டில் கையாலும் வரைந்துகொள்கிறேன். எடுத்த பழைய கண்டென்சரைச் சின்னக் கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே ஓரமாக ஒட்டிவிடுகிறேன். உங்கள் ஆளிடம் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் அவரிடமே கொடுக்கலாம்.

கேள்வி: பெட்டியைப் பஸ்ஸில் கொண்டு வரலாமா அம்மா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: வரலாம். முதலில் வால்வுகளைக் கழற்றுங்கள். நேராக மேலே இழுக்க வேண்டும், லேசாக மட்டும் அசைக்கலாம், திருகக் கூடாது. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று சீட்டு எழுதி வையுங்கள். கண்ணாடியில் அச்சடித்த எழுத்தை விரலால் தேய்க்காதீர்கள், அழிந்துவிடும். ஸ்பீக்கர் காகிதத்துக்கு முன்னால் அட்டை ஒன்று வைத்துக் கட்டுங்கள். பின் சீட்டில் குலுக்கல் அதிகம், டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கிதாரையும் கூடவே எடுத்து வாருங்கள், உங்கள் விரலில்தான் நான் கேட்டுப் பார்க்க வேண்டும்.